ஐந்தில் ஒரு பங்கு

என் கடையில் கல்லாவுக்கு மேலே சட்டமிட்ட இரண்டு தாள்கள் தொங்குகின்றன. ஒன்று, தராசுக்கு முத்திரை ஆய்வாளர் கொடுத்த சான்றிதழ். மின்னணுத் தராசு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை அதைச் சோதனைக்குக் கொடுத்து முத்திரை வாங்கியே ஆக வேண்டும். மற்றது, புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த வசனம் (அந்த ஆண்டுக்கென்று கிடைக்கும் வேத வசன அட்டை). இந்த இரண்டுக்கும் நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான் ஒன்பது வருடம் நான் பனையேறிகளின் கருப்பட்டியில் கை வைத்தேன்.

இதை எழுதலாமா என்று வெகுநாள் யோசித்தேன். திருடியதைச் சொல்வதிலும் ஒரு பெருமை வந்து ஒட்டிக்கொள்ளும். சாட்சி சொல்கிறேன் என்று எழுந்து நின்று தன் பழைய பாவங்களை ருசித்துச் சொல்லும் ஆட்களை எல்லாச் சபையிலும் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்தினால் ஊர்ப்பெயர் சொல்லப் போவதில்லை. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி உயரம். எங்கள் ஊர்ச் செம்மணல் தேரிமேட்டில் ஏறினால் பனைகளுக்கு மேலே அதன் நுனி தெரியும். அவ்வளவு அடையாளம் போதும். (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம், போதகரை ஐயர் என்போம்.)

அப்பா நடத்திய கருப்பட்டிக் கடை. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் என் கைக்கு வந்தது. பனையேறி காலையிலும் மாலையிலும் மரம் ஏறி, பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார். வீட்டுக்காரி அதை விடிலியில், அதாவது ஓலைக் குடிசையில், காய்ச்சுவாள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றுவாள். ஆறியதும் தட்டி எடுத்துப் பனையோலைப் பெட்டியில் அடுக்கி எங்களிடம் கொண்டு வருவார்கள். பெட்டிக்குச் சுமார் பத்துக் கிலோ. மாசி பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் இதுதான் அவர்கள் வாழ்க்கை.

மற்ற மாதங்களில் பிழைப்புக்கு வழி? அங்கேதான் நாங்கள் வருவோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முன்பணம் கொடுப்போம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, கிறிஸ்துமஸ் துணி, ஆஸ்பத்திரி எதுவானாலும் கேட்டவுடன் கொடுப்போம். வட்டி கிடையாது. அப்பாவை ஊரே தர்மவான் என்றது. ஆனால் முன்பணம் வாங்கியவர் சரக்கை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது. நாங்கள் போடும் எடையைப் பற்றி வாய் திறக்கவும் முடியாது. வட்டி இல்லாத கடனுக்கு வட்டியை நாங்கள் வேறு வழியில் எடுத்துக்கொண்டோம்.

எப்படியென்றால், பெட்டியோடு சேர்த்துத் தராசில் வைப்போம். பெட்டி எடை என்று ஒரு கிலோ கழிப்போம். அப்புறம் 'கழிவு' என்று அரைக் கிலோ. கருப்பட்டி ஈரம் வற்றி எடை குறையும், உடையும், உதிரும். அதற்காக அரைக் கிலோ. மீதிக்குத்தான் பணம். தராசில் ஒரு கிராம் பிசகு கிடையாது, முத்திரை வாங்கிய தராசு. பிசகெல்லாம் சிட்டையில். சிட்டைக்கு எந்த ஆய்வாளரும் முத்திரை வைப்பதில்லை.

வாங்க வருகிறவர்களிடம் நான் பேசும் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "சீனி கலக்காத சரக்கு. கலந்தது என்று நிரூபித்தால் கடையை எழுதித் தருகிறேன்" என்பேன். அது உண்மையும்கூட. சென்னைக்குப் போகும் பெட்டியில் நூறு கிராம் கூடுதலாகத்தான் இருக்கும். காசு கொடுக்கிறவனிடம் மட்டும் நேர்மையாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மகளுக்குப் பதினான்கு வயதானபோது திடப்படுத்தல் வகுப்பில் சேர்த்தோம். குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் நாங்களும் ஞானப்பெற்றோரும் அவளுக்காகக் கொடுத்த வாக்கை இனி அவளே தன் வாயால் ஏற்றுக்கொள்ள வேண்டும். திடப்படுத்தல் என்பது அதுதான். வகுப்பில் ஐயர் அசரியா பேராயரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்துக்காரர்தான், 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912-இல் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றவர். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைக்கச் சொல்வாராம். வைத்துக்கொண்டு, சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைச் சொல்ல வேண்டுமாம்.

மகள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு இதை நடித்துக் காட்டினாள். என் மனைவி பதறிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். நம் ஊரில் சத்தியம் செய்வதென்றால் பிள்ளை தலையில் கை வைத்துச் செய்வோம், அல்லது எதிராளி தலையில். தன் தலையில் தானே கை வைத்துக்கொள்வது அபசகுனம். அசரியா அந்த வழக்கத்தைத் தெரிந்துதான் திருப்பிப் போட்டாரோ என்னவோ!

மறுவாரம் கோடை விடுமுறை. சிட்டை எழுத மகளைக் கடைக்கு அழைத்து வந்தேன். பெட்டிகள் இறங்கின. அவள் என்ன நினைத்தாளோ, மூலையில் கிடந்த வெறும் பெட்டி ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள்.

"அப்பா, வெறும் பெட்டி எழுநூறு கிராம்தான் இருக்கிறது. நாம் ஏன் ஒரு கிலோ என்று எழுதுகிறோம்?"

"அது வழக்கம்."

"யாருடைய வழக்கம்?"

பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பனையேறி ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார். மகளை டீ வாங்க அனுப்பிவிட்டேன். அன்றைக்கும் ஒரு கிலோதான் கழித்தேன்.

ஆனால் அந்தக் கயிறு கண்ணை விட்டுப் போகவில்லை. கழிவாவது நியாயமாக இருக்கட்டும் என்று ஒரு பெட்டியைத் தனியாக எடைபோட்டுப் பரணில் ஏற்றி வைத்தேன். அரைக் கிலோ குறைந்துவிட்டால் பாதிப் பாவம் கழிந்தது என்ற நப்பாசை. இரண்டு மாதம் கழித்து இறக்கி நிறுத்துப் பார்த்தால் 150 கிராம்தான் குறைந்திருந்தது. தராசைத் தட்டிப் பார்த்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே 150.

கழிவில் 350, பெட்டியில் 300. ஆக, ஒரு பெட்டிக்கு 650 கிராம்.

எங்களுக்குச் சரக்குப் போட்டவர்கள் பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் எங்கள் சபைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். முதலில் அவர் கணக்கைத்தான் போட்டேன். பழைய சிட்டைகளைக் கரையான் தின்றது போக மூன்று வருடத்துச் சிட்டைதான் மிச்சம். அதை வைத்துப் பருவத்துக்கு நூறு பெட்டி என்று எடுத்துக்கொண்டேன். வருடத்துக்கு 65 கிலோ, ஒன்பது வருடத்தில் 585 கிலோ. விலை ஏறி இறங்கியதையெல்லாம் சேர்த்துச் சராசரி கிலோ 150 ரூபாய் என்றால் 87,750 ரூபாய். ஒரு வீட்டுக்கு மட்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கோயிலில் பீடத்துக்கு முன்னால் பழைய சிமெண்ட் தரையைப் பெயர்த்துக் கிரானைட் போட்டது நான்தான். நற்கருணை வாங்க முழந்தாளிடும் கிராதிக்கு அடியில் ஓரமாக ஒரு சின்னக் கல்லில் எங்கள் குடும்பப் பெயர் வெட்டியிருக்கும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலை 6,500 ரூபாய்க்கு எடுத்திருக்கிறேன். எடுத்த சேவலை மறுபடியும் ஏலத்துக்கே விட்டேன், கை தட்டினார்கள். அசன விருந்துக்கு ஆடு, பிள்ளைகள் ஊழியத்துக்குச் சந்தா, எதிலும் பின்வாங்கியதில்லை.

கணக்குப் போட்டதற்கு அடுத்த ஞாயிறு நற்கருணை. அக்கா கிராதியில் வந்து முழந்தாளிட்டார். கிரானைட் வழுக்கும் என்று செருப்பில்லாத கால்விரல்களை ஊன்றி, சேலைத் தலைப்பை முழங்காலுக்கு அடியில் மடித்துப் போட்டுக்கொண்டார். உள்ளங்கைகளைக் குவித்து நீட்டினார். விடிலித் தீயிலும் பாகிலும் பழகிய கை. பெருவிரல் அருகே பழைய சூட்டுத் தழும்பு. அவர் கணவரின் கருப்பட்டியை விற்றுப் போட்ட தரையில் அவரே முழந்தாளிட்டிருக்கிறார், பக்கத்தில் என் பெயர் வெட்டிய கல். அன்றைக்கு நான் முன்னால் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கும் எனக்குத் தோன்றிய பரிகாரம் என்ன தெரியுமா? கோயிலுக்கே இன்னொரு காணிக்கை. ஒரு லட்சமாகக் கொடுத்துவிடலாம், பெயர் போடாமல் கொடுக்கலாம். பெயர் போடாமல் என்று நினைத்தபோதே பாதி பரிசுத்தவானாகிவிட்ட மாதிரி இருந்தது. ஐயர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வேதாகமத்தை எடுத்து எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திருப்பி, "ஏழாம் வசனம், எட்டாம் வசனம் சத்தமாக வாசியுங்கள்" என்றார்.

ஏழாம் வசனத்தின் சாரம் இது: குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே கொடுக்க வேண்டும். எட்டாம் வசனத்தை அதற்குமுன் நான் கவனித்ததே இல்லை. வாங்கிக்கொள்ள அவனும் இல்லை, அவனுக்கு இனத்தானும் (உறவினரும்) இல்லை என்றால்தான் அது கர்த்தருக்கு, ஆசாரியனிடத்தில் வர வேண்டும்.

"பார்த்தீர்களா, நான் வரிசையில் கடைசி. இனத்தான் இருக்கும்போது நான் இதை வாங்கினால் எனக்கும் உங்கள் சிட்டையில் பங்கு வந்துவிடும்."

"மன்னிப்பு, ஐயா?"

"அது கிடைக்கும். நீங்கள் கொடுத்துவிட்டு வாருங்கள்."

எத்தனையோ வருடம் வாக்குத்தத்த அட்டை வாங்கியிருக்கிறேன். எண்ணாகமம் 5:7 அச்சடித்த அட்டை இதுவரை யார் கைக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

வேதத்தில் வரும் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவேன் என்றானே, அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: 3,51,000. அதுவும் ஒரு வீட்டுக்கு. நான் சகேயு இல்லை. ஐந்தில் ஒரு பங்கு 17,550 ரூபாய். கூட்டினால் 1,05,300. கடையை நீட்டிக் கட்ட வைத்திருந்த வைப்புத் தொகையை உடைத்தேன். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதானே? உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள். சாயங்காலம் அவளே பணத்தை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். மனசு மாறியதா, சலித்துப்போனாளா என்று நான் கேட்கவில்லை.

அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். போகும்போது பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. பெட்டி எடை, கழிவு, பரணில் வைத்துப் பார்த்தது என்று தாளை நீட்டி வாத்தியாரிடம் கணக்கு ஒப்பிப்பவனைப் போல ஒப்பித்தேன். அக்கா அழுவார், அல்லது ஏசுவார், அல்லது 'அதெல்லாம் எதற்கு அண்ணாச்சி' என்பார் என்று மூன்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் தாளை வாங்கினார். உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார்.

"பெட்டி எழுநூறு கிராம் என்று அவருக்குத் தெரியும். பெட்டி முடைகிறவளுக்குத் தெரியாதா? நான்தானே முடைந்தேன்" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு, "இதில் ஒரு தப்பு இருக்கிறது."

எனக்கு வயிறு கலங்கியது. இன்னும் எதை விட்டுவிட்டேனோ!

"நாலாவது வருடம் நூறு பெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடம் அவர் கால் முறிந்து கிடந்தார். ஈஸ்டருக்கு முந்தின வாரம். அதற்கு மேல் மரம் ஏறவில்லை. நாற்பது பெட்டிகூட வந்திருக்காது. நாற்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்."

அறுபது பெட்டி. 39 கிலோ. 5,850 ரூபாய், அதற்கு ஐந்தில் ஒரு பங்கு 1,170. அவரே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்புறம் பெருக்கினார். 7,020 ரூபாயை எண்ணி என் பக்கம் தள்ளினார். வேண்டாம் அக்கா, இருக்கட்டும் என்றேன். "என் கணக்கில் எதற்கு உங்கள் பணம்?" என்றார். வாங்கிக்கொண்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் திண்ணையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லாத மாதிரி இருந்தது. பதநீர்க் காலமும் இல்லை, கடுங்காப்பிதான் கொடுத்தார், கருப்பட்டி போட்டு.

கிளம்பும்போது, "மற்றவர்களுக்கு?" என்று கேட்டார்.

மற்றவர்கள் பதின்மூன்று பேர். அவர்களில் எட்டுப் பேர் எங்கள் சபை இல்லை. ஐந்து பேர் கிறிஸ்தவர்களே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி வரும்வரை அக்காவோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் முகம் பார்க்க வேண்டியவரிடம் சரிசெய்தாகிவிட்டது, போதாதா? கிராதிக்கு வராதவர்கள் என் மனச்சாட்சிக்கும் வரவில்லை. அக்கா திண்ணையில் நின்றபடி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். யார் எந்த ஊருக்குப் போய்விட்டார்கள், யாருடைய மகன் திருப்பூரில் இருக்கிறான் என்று என்னைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அதே பத்திரிகையின் மீதி இடத்தில் எழுதிக்கொண்டேன்.

மொத்தம் ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேலே வருகிறது. என்னிடம் அவ்வளவு இல்லை. இதுவரை ஐந்து வீடு முடிந்திருக்கிறது. மூன்று வீட்டுக்குத் தவணை. ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று கேட்டார்கள். இன்னொருவர் எனக்குத் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். கிறிஸ்தவரல்லாத பெரியவர் ஒருவர், "உங்கள் சாமி இப்படியெல்லாம் கொடுக்கச் சொல்கிறாரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படியானால் இத்தனை நாள் சொல்லவில்லையா?" என்றார். பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று தலையில் கை வைக்கச் சொன்ன அசரியா ஞாபகத்துக்கு வந்தார். பெரியவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடையில் இப்போது பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கருப்பட்டியை மட்டும் தட்டில் அடுக்கி நிறுக்கிறோம். கழிவு 150 கிராம். அதையும் எழுதிக் காட்டுகிறோம். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது. முதல் வாரத்தில் பனையேறிகள் இதில் ஏதோ புதுச் சூது இருக்கிறது என்று சந்தேகப்பட்டுத் தட்டையே உற்றுப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். லாபம் குறைந்திருக்கிறது. கர்த்தர் அதை வேறு வழியில் பெருகப் பண்ணினார் என்று எழுதினால் சாட்சிக்கு நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இதுவரை நடக்கவில்லை.

தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகள் 11:1-இல் நிறைகல்லுக்குச் 'சுமுத்திரையான' என்று ஓர் அடைமொழி வரும். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம், அர்த்தம் தெரியாது. நல்ல முத்திரை பெற்ற கல் என்பதுதான் அது. மகள் அந்த வசனத்தை ஒரு அட்டையில் எழுதி, முத்திரைச் சான்றிதழுக்கும் வாக்குத்தத்தத்துக்கும் நடுவே ஒட்டிவிட்டாள். அவளுக்குத் திடப்படுத்தல் முடிந்துவிட்டது. கடைக்கு வந்தால் இன்னமும் வெறும் பெட்டியை எடுத்து நிறுத்துப் பார்க்கிறாள்.

பட்டியலில் ஒன்பதாவது பெயர்தான் சிக்கல். அவர் இறந்துவிட்டார், மனைவியும் இல்லை, பிள்ளைகள் கிடையாது. இனி எட்டாம் வசனம்தான் என்று ஐயரிடம் போனேன், கொஞ்சம் நிம்மதியோடுகூட. "தேடினீர்களா?" என்றார். கேட்டுப் பார்த்தேன் என்றேன். "கேட்பது வேறு, தேடுவது வேறு" என்றார். இறந்தவருக்கு ஒரு தங்கை சாத்தான்குளம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருப்பதாக அக்கா சொல்லியிருக்கிறார். ஊர்ப்பெயர் நிச்சயமாகத் தெரியவில்லை, வீட்டுக்கு முன்னால் இரட்டைப் பனை நிற்குமாம். சனிக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் போகிறேன்.